நாற்பது நிமிடமும் ஒரு பைரவி வர்ணமும்

ஜூலை முதல் ஞாயிறு. எங்கள் குடியிருப்பின் செயலாளர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "மேடம், நவராத்திரி அஞ்சாம் நாள் உங்க வயலின். அரை மணி நேரம் போதும், மாட்டேன்னு சொல்லிடாதீங்க." சரி சார் என்று சொல்லிவிட்டேன். மேலே வந்து பெட்டியைத் திறந்தால் பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் மரத்திருகு, நழுவி முதல் தந்தி தொய்ந்து கிடந்தது. அன்று காலைதான் சுருதி சேர்த்து வைத்திருந்தேன்.

ஒன்பது வயதில் ஆரம்பித்துப் பதினேழில் விட்டு, 39-இல் மறுபடி எடுத்த கை என்னுடையது. இப்போது வயது 44. கணக்கு அலுவலகத்தில் வேலை. குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயில். சாதகத்துக்கு, அதாவது தினப் பயிற்சிக்கு, வீட்டில் கிடைப்பது காலை 5.20 முதல் 6 மணி வரை, அதாவது குக்கர் வைப்பதற்கு முன்னால் 40 நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்காகக் தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரப்பாலத்தின் மேல், சத்தத்தைக் குறைக்கும் ரப்பர் ம்யூட்டை மாட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். நவராத்திரிக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வாரத்தில் என்ன செய்தேன், எங்கே சொதப்பினேன் என்று நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது பைரவி ராக அட தாள வர்ணம், பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் 'விரிபோணி'. வர்ணம் என்பது ராகத்தைப் பழக வைக்கும் உருப்படி. பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், அதன் பின் சரண ஸ்வரங்கள் என்று பகுதி பகுதியாகப் போகும். சின்ன வயதில் பாதி கற்றது. ஐந்து வருடமாக 'கிட்டத்தட்ட வந்துவிட்டது' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் கணக்கு எடுத்தேன்

ஆபீஸில் கைச்செலவுப் பணம் இடித்தால் வவுச்சர்களை மேஜையில் கொட்டி எண்ணுவோம். அதையே இங்கும் செய்தேன். நான்கு நாள் சாதகத்தை முழுக்கப் போனில் பதிவு செய்து, ஞாயிறு மதியம் பேனாவோடு உட்கார்ந்து கேட்டேன். தன் சாதகத்தைத் தானே கேட்பது போன்ற தண்டனை வேறில்லை. அதில் ஒரு நாளின் 40 நிமிடம் இப்படிப் போயிருந்தது: சுருதி சேர்க்க 7. பழக்க தோஷத்தில் மாயாமாளவகௌளை ராகத்தில் அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சி 9. வர்ணத்தின் பல்லவி, அனுபல்லவி 11. பிடித்த கிருதி ஒன்று, சும்மா ஆசைக்கு, 6. வாட்ஸ்அப் 4. தடுக்குகிற இடத்தில் உண்மையாக வேலை செய்தது 3.

மூன்று நிமிடம்! மற்ற மூன்று நாளும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதைவிட உறுத்தியது இன்னொன்று. தடுக்கும்போதெல்லாம் நான் பல்லவியின் ஆரம்பத்துக்கே ஓடிப்போகிறேன். சரண ஸ்வரத்தில் விரல் இடறினால் அந்த இடத்தைச் சரிசெய்யாமல், "முதலிலிருந்து ஒழுங்காக வாசிப்போம்" என்று மறுபடி பல்லவி. அதனால் நான்கு நாளில் பல்லவியை 31 தடவை வாசித்திருக்கிறேன், கடைசிச் சரண ஸ்வரத்தை 2 தடவை. ஐந்து வருடமாக இதே விகிதம் என்றால் அந்தக் கடைசி ஸ்வரம் எனக்கு இன்னும் பச்சைக் குழந்தை. அது நடக்கவில்லையே என்று அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேரம் போதவில்லை என்று யாரிடமெல்லாம் புலம்பினேனோ, அவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிரடை வேலை

சாதகத்தை மாற்றுவதற்கு முன் சுருதிக்குப் போகும் அந்த 7 நிமிடத்தைக் கவனித்தேன். அதில்தான் சுலபமாக லாபம் கிடைக்கும் என்று தோன்றியது. வயலின் இருந்தது ஏசி ஓடும் படுக்கையறையில். உலர்ந்த காற்றில் மரம் சுருங்கும், பிரடை துளையில் பிடிப்பில்லாமல் நழுவும். கூடத்தில் வைத்தால் சென்னைப் புழுக்கத்தில் மரம் ஊதி, பிரடை இறுகித் திரும்பவே திரும்பாது. இரண்டு அறைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருந்ததால் எனக்கு இரண்டு தொல்லையும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒரு தந்தி மட்டும் கழற்ற வேண்டும், இது முக்கியம். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை விழும். உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சியும் சாய்ந்துவிடலாம், அதை நிமிர்த்த நம்மால் ஆகாது. பிரடையை உருவிப் பார்த்தால் துளையில் உரசும் இரண்டு இடமும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று மின்னியது. பழைய பிசுக்கைத் துணியால் துடைத்தேன். காய்ந்த குளியல் சோப்பை அந்த இரண்டு வளையத்திலும் லேசாகத் தேய்த்து, அதன் மேல் பள்ளிக்கூடச் சாக்பீஸ். சோப்பு வழுக்கும், சாக்பீஸ் பிடிக்கும். இரண்டும் சரியாகச் சேர்ந்தால் பிரடை திரும்பவும் செய்யும், நிற்கவும் செய்யும். இதற்கென்றே குச்சி வடிவில் ஒரு மசை விற்கிறார்கள், ஆனால் என் வயலினுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. தந்தியைச் சுற்றும்போது கடைசிச் சுற்று பிரடையின் தலைப்பக்கச் சுவரை ஒட்டி வருமாறு சுற்றினேன். அந்த அழுத்தம் பிரடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். இத்தனை வருடம் அதை நடுவிலேயே குவித்துச் சுற்றியிருக்கிறேன்.

அடுத்த வாரம் நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னத் திருகு) உள்ள டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் பகுதி) ஒன்றை வாங்கி, கடைக்காரரையே மாட்டச் சொன்னேன். வயலினுக்கு இடம் இனி கூடத்து அலமாரியின் நடுத்தட்டுதான் என்று முடிவானது. பெட்டி எப்போதும் திறந்தே இருக்கும், மேலே பழைய பட்டுத்துணி. ரோசின், பென்சில், நோட்டு, ம்யூட் எல்லாம் ஒரே கூடையில். இரவே பாயை விரித்துவிடுவேன். இரண்டாம் வார முடிவில் சுருதி சேர்க்க ஆனது 2 நிமிடத்துக்குள். வாசிப்பில் ஒரு மாற்றமும் இல்லாமல் தினம் 5 நிமிடம் மிச்சம். காலையில் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதில் இன்னும் 4.

வர்ணத்தைக் கிழித்துப் போட்டது

அட தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், 14 அட்சரம் (தட்டு). ஐந்து, ஐந்து (இந்த இரண்டும் லகு), இரண்டு, இரண்டு. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அட்சரத்துக்கு நான்கு என்று ஓர் ஆவர்த்தனத்தில் 56 ஸ்வரம். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டு என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 17 விநாடிக்கும் குறைவு. இதைக் கணக்குப் போட்ட அன்று எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. ஒரே ஒரு ஆவர்த்தனத்தை எடுத்துக்கொண்டு 8 நிமிடம் உட்கார்ந்தால் 28 தடவை வாசிக்கலாம். முழு வர்ணத்தை இரண்டு காலத்திலும் (இரண்டாம் காலம் இரட்டை வேகம்) ஓட்டினால் எனக்கு 12 நிமிடத்துக்கு மேல், அதில் அந்த ஆவர்த்தனம் காலத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

நோட்டில் ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி என்று வர்ணத்தை எழுதினேன். ஒவ்வொன்றையும் வாசித்து, மூன்று தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால் டிக், இல்லையென்றால் சிவப்புப் புள்ளி. ஏழு வரியில் சிவப்பு விழுந்தது. ஒன்று முக்தாயி ஸ்வரத்தில், மீதி அத்தனையும் சரணத்துக்கு அப்புறம். காலையில் இரண்டு சிவப்பு வரிக்கு மட்டும் தலா 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன்.

வரிசையைக் கடைசியிலிருந்து பிடித்தேன். முதலில் கடைசிச் சரண ஸ்வரத்தின் கடைசி ஆவர்த்தனம், அது வந்ததும் அதற்கு முந்தையதைச் சேர்த்து இரண்டு, அப்புறம் மூன்று. இப்படிச் செய்யும்போது தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறோம். வீட்டை நோக்கி நடக்கிற மாதிரி, போகப் போகக் கால் தைரியமாகிறது. வழக்கமான வழியில் இதற்கு நேர்மாறு. தெம்பாக ஆரம்பித்து, கடினமான இடம் வரும்போது கையும் கவனமும் களைத்திருக்கும்.

ஒரு விஷயம் மூன்றாம் வாரம்தான் புரிந்தது. என் பிசகுகளில் பாதி ஆவர்த்தனத்துக்கு உள்ளே இல்லை, இரண்டு ஆவர்த்தனம் சேரும் மூட்டில் இருந்தது. தனித்தனியாக டிக் வாங்கிய இரண்டு வரியைச் சேர்த்தால் நடுவில் வில் தப்பான திசையில் நிற்கும், அல்லது விரல் அடுத்த தந்திக்குத் தாவ நேரம் இருக்காது. அதனால் ஒரு வரியைப் பழகும்போது, முந்தைய வரியின் கடைசி இரண்டு அட்சரத்தையும் சேர்த்தே எடுக்க ஆரம்பித்தேன். ஒட்டுப்போடும்போது தையற்காரர் துணியை விளிம்பு தாண்டி விடுவாரே, அந்த மாதிரி.

இரண்டு தைவதம்

இதைச் சொல்லாமல் பைரவியைப் பற்றி எழுத முடியாது. பைரவி 20-ஆவது மேளமான (தாய் ராகமான) நடபைரவியின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். தைவதம் என்பது 'த' ஸ்வரம். தாய் மேளத்தில் இருப்பது அதன் தாழ்ந்த வகையான சுத்த தைவதம். ஆனால் பைரவியில் மேலே ஏறும்போது சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதம் வரும், இறங்கும்போது சுத்த தைவதம். தாய் மேளத்தில் இல்லாத ஸ்வரம் வருவதால்தான் அதைப் பாஷாங்க ராகம் என்கிறோம். வயலினில் முதல் தந்தியைத் திறந்து விட்டால் பஞ்சமம், அதே தந்தியில் இரண்டு தைவதத்துக்கும் இடையே ஒரு விரல் அகல நகர்வுதான்.

முதல் காலத்தில் எனக்கு இரண்டும் சரியாக வந்தது. இரண்டாம் காலத்தில் பதிவைக் கேட்டால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே தைவதம். இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல் நடுவில் ஏதோ ஒன்று. நான்காம் வாரம் முழுக்க விரலோடு மல்லுக்கட்டினேன். மெதுவாக, வேகமாக, விரல் வைக்கும் பலகையில் பென்சில் கோடு போட்டுக்கூட. தேறவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் என் வயலின் சாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வயலினை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "பாடும்மா" என்றார்.

"எனக்குக் குரல் வராது சார்."

"குரல் யார் கேட்டா? தைவதம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

பாடினேன். இரண்டாம் காலத்தில் என் தொண்டையிலும் ஒரே தைவதம்தான். "பாத்தியா, விரல் மேல ஒரு தப்பும் இல்ல. அது நீ சொன்ன இடத்துலதான் போய் நிக்குது" என்றார்.

அந்த வாரத்திலிருந்து தைவதத்தை வயலினிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு ரயில் இருந்தது. குரோம்பேட்டையிலிருந்து எழும்பூர் அரை மணிக்கு மேல். காதில் ஒரு பக்கம் மட்டும் சுருதிப்பெட்டி ஆப்பின் தம்புரா, தொடையில் அட தாளம், வாய்க்குள் ஸ்வரம். எதிரே உட்கார்ந்த பெண்மணி ஒருமுறை, "ஏதாவது வேண்டுதலாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பொய்யில்லை. மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில் இரண்டு தைவதமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்ட நாள் நினைவிருக்கிறது, ஆறாம் வாரம் செவ்வாய். மறுநாள் காலை வயலினில் அந்த வரி ஐந்தாவது தடவையில் வந்துவிட்டது. ஒரு வாரம் விரலோடு போட்ட சண்டையின் 40 நிமிடங்களை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

இதற்கு அப்புறம் ஒரு பிரிவினை செய்தேன். வயலின் இல்லாமல் செய்யக்கூடிய எதையும் காலை 40 நிமிடத்தில் செய்வதில்லை. ஸ்வரம் மனப்பாடம், தாளக் கணக்கு, எங்கே வில் மாற்றுவது என்று யோசிப்பது, எல்லாம் ரயிலுக்கு. காலை நேரம் விரலுக்கும் வில்லுக்கும் மட்டும்.

அதிகமாய்ப் போன இரண்டு வாரம்

தைவதம் பிரிந்த தெம்பில் தப்புச் செய்தேன். 40 நிமிடமும் சிவப்பு வரி மட்டுமே. அலங்காரம் இல்லை, ராகம் இல்லை, ஆசைக்கு ஒரு கிருதி இல்லை. ஏழாம் வாரம் ஐந்து டிக் விழுந்தது, கணக்குப்படி அமோகம். எட்டாம் வாரம் புதன்கிழமை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன். வியாழனும். இடது கட்டைவிரலின் அடியில் வலி வேறு. சாரிடம் வாசித்தபோது, "எல்லாம் சரியா இருக்கு. ஆனா துண்டுத் துணியில தைச்ச ஜாக்கெட் மாதிரி இருக்கும்மா" என்றார். அது சரியான விமர்சனம். தனித்தனியாகப் பழகிய வரிகளில் பைரவி இல்லை, பைரவியின் பாகங்கள் இருந்தன.

ஒன்பதாம் வாரத்திலிருந்து காலை இப்படி ஆனது: சுருதி 2 நிமிடம், நீள வில்லும் மெதுவான ஆரோகண அவரோகணமும் 6, சிவப்பு வரி இரண்டு சேர்த்து 16, மூட்டுகளைச் சேர்த்து ஓட்டம் 6, கடைசி 10 நிமிடம் பைரவி ஆலாபனை. அந்தப் பத்தில் மட்டும் ம்யூட்டைக் கழற்றிவிடுவேன், பதிவு கிடையாது, டிக் கிடையாது. இரண்டு நாளில் அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. வலி குறைய இரண்டு வாரம் ஆனது. கட்டைவிரலால் வயலின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சார்தான் கண்டுபிடித்தார்.

பத்தாயிரம் மணி நேரக் கணக்கைச் சொல்லி யாராவது பயமுறுத்துவார்கள். ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. இருபது வயதுக்குள் சிறந்த மாணவர்கள் சராசரியாக அவ்வளவு தனிப்பயிற்சி செய்திருந்தார்கள். தினம் 40 நிமிடம் என்றால் எனக்கு அதற்கு 41 வருடம் ஆகும். அப்போது வயது 85. ஆனால் அதே கட்டுரையில் அந்த மாணவர்கள் ஒரேயடியாக உழைக்காமல் இடைவெளி விட்டுப் பழகினார்கள், மதியம் தூங்கினார்கள் என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

விட்டவை

நிகழ்ச்சிக்கு முதலில் எட்டு உருப்படி எழுதி வைத்திருந்தேன். அரை மணி நேரத்துக்கு எட்டு! ஐந்தாம் வாரம் அது மூன்றாகச் சுருங்கியது: வர்ணம், சின்ன ஆலாபனையோடு ஒரு கிருதி, கடைசியில் ஒரு துக்கடா, அதாவது குட்டிப் பாட்டு. கிருதியும் துக்கடாவும் ஐந்து வருடமாகக் கையில் இருப்பவை. வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். பஜனைக் குழுவில் சேரச் சொன்ன தோழியிடம் தை மாதம் பார்க்கலாம் என்றேன். இரவில் யூடியூபில் கச்சேரி பார்ப்பதைச் 'சாதகம்' என்று கணக்கில் எழுதிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினேன். கேட்பது நல்லதுதான், ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டது சாதகம் ஆகாது.

மாதத்தில் சில நாள் எனக்குக் காலையும் கிடையாது. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல். 18, 19, 20 மூன்று நாளும் வீட்டுக்கு வரும்போது ராத்திரி பத்து மணி. முன்பெல்லாம் அந்த மூன்று நாள் விட்டால் அதன் குற்ற உணர்ச்சியில் இன்னும் நான்கு நாள் போகும். இந்த முறை நோட்டிலேயே அந்த மூன்று கட்டத்திலும் 'ரயில் மட்டும்' என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். முன்பே எழுதிவிட்டால் விட்டதாக ஆகாதே.

கூட ஒருவர்

மூன்றாவது மாடிப் பையன் பதினொன்றாம் வகுப்பு. மிருதங்கம் நன்றாக வாசிப்பான். பதினொன்றாம் வாரம் ஞாயிறுதான் அவனைக் கூப்பிட்டேன். முதல் ஓட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, ரெண்டாவது லகு முடியறப்ப நீங்க கொஞ்சம் ஓடறீங்க" என்றான்.

மெட்ரோனோமோடு பதினொரு வாரம் பழகியவள் நான். கோபம் வந்தது. பதிவைக் கேட்டால் அவன் சொன்னது உண்மை. மெட்ரோனோம் தட்டிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் சாய்ந்துகொண்டு வாசித்திருக்கிறேன். அது இல்லாதபோது தாளத்தை நானே சுமக்க வேண்டியிருக்கிறது, சுமக்கத் தெரியவில்லை. கடைசிப் பத்து நாளும் மெட்ரோனோமை நிறுத்திவிட்டுக் காலால் தாளம் போட்டே வாசித்தேன். மறு ஞாயிறு பையன் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினான். இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் அவனை ஆறாம் வாரத்திலேயே கூப்பிடுவேன்.

அஞ்சாம் நாள்

மாலை மழை பெய்து, கீழ்த்தளக் கூடத்தில் புழுக்கமான புழுக்கம். பிரடை இறுகிவிட்டது. ஃபைன் ட்யூனர் மட்டும் இல்லையென்றால் கொலுவின் முன்னால் உட்கார்ந்து பிரடையோடு குத்துச்சண்டை போட்டிருப்பேன். சுண்டல் வாசனையும் குழந்தைகள் சத்தமும் இருந்தன. வர்ணம் முதல் காலம் சுத்தமாகப் போனது. இரண்டாம் காலத்தில் சரண ஸ்வரங்கள், கடைசி ஸ்வரம் உட்பட, கை தானாக ஓடியது. இரண்டு தைவதமும் இரண்டாகவே கேட்டன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சார் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

தடுக்கியது எங்கே தெரியுமா? அதற்கு முன்னாலேயே, இரண்டாம் கால அனுபல்லவியில். ஐந்து வருடமாகச் சரளமாக வந்துகொண்டிருந்த அனுபல்லவி. இரண்டு அட்சரம் வில் காற்றில் நின்றது. பையன் ஒன்றும் நடக்காத மாதிரி வாசித்துக்கொண்டே போனான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை, சாரைத் தவிர.

ராத்திரி நோட்டைப் புரட்டினேன். அனுபல்லவிக்கு எதிரே முதல் வாரம் போட்ட டிக். அதற்கு அப்புறம் ஓட்டத்தில் வந்துபோனதைத் தவிர, பதினொரு வாரம் அதைத் தனியாக எடுத்து வாசிக்கவே இல்லை. டிக் போட்ட வரிகளையும் பத்து நாளுக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆபீஸில் முடித்து வைத்த கணக்கையும் வருடக் கடைசியில் ஒருமுறை புரட்டத்தானே செய்கிறோம்.

இப்போது நோட்டில் டிக்கின் பக்கத்தில் தேதி எழுத ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அனுபல்லவிக்கு எதிரே சிவப்புப் புள்ளி. நாளை 20-ஆம் தேதி, அதனால் ரயிலில்தான்.